உள்வட்டத்துக் கதிர்

அறுக்க வேண்டிய நாள் கடந்து வெகு நாளாகிவிட்டது. கதிர் முற்றி, தாள் வரை மஞ்சளாகி, காற்றடித்தால் மணி உதிரும் பதத்தில் நின்றது. அம்சம் காலையில் வரப்பில் நடக்கும்போது காலடியில் நெல் நறநறத்தது. அவள் குனிந்து பொறுக்கவில்லை. பொறுக்கினால் யாராவது பார்ப்பார்கள். இவ்வளவு கொட்டுகிறதே, ஏன் இன்னும் அறுக்கவில்லை என்று கேட்பார்கள்.

அந்த வயல் ஒரு பந்தயச் சாலைக்குள் இருந்தது. உலகச் சண்டையின்போது விமானம் இறங்குவதற்கென்று ஊருக்கு வெளியே நீளமாகச் சிமெண்டுத் தளம் போட்டார்கள். சண்டை முடிந்ததும் சித்தாநல்லூர்ப் பண்ணையின் சின்ன முதலாளி அதன் இரண்டு முனைகளையும் தார்ச்சாலை போட்டு இணைத்து, கார்ப் பந்தயம் விட்டார். மெட்ராசிலிருந்தும் கோயமுத்தூரிலிருந்தும் கார்கள் வந்தன. நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது, பண்ணை அந்த இடம் முழுவதையும் பந்தய மைதானம் என்று கணக்குக் காட்டித் தப்பித்துக்கொண்டது. பிறகு பந்தயம் குறைந்து, நின்றும் போனது. சாலைக்கு நடுவில் கிடந்த பள்ளத்தை உழுதுகொள்ளும்படி கோவிந்தராசுவின் அப்பாவிடம் பண்ணையில் சொன்னார்கள். விளைச்சலில் பாதி பண்ணைக்கு. ரசீது இல்லை. அதற்கு உள்வட்டம் என்று பெயர். அப்பாவுக்குப் பிறகு கோவிந்தராசுவும் அவர் மனைவி அம்சமும் அதில் பயிர் வைத்தார்கள். கிராமக் கணக்கில் மட்டும் அது இன்றுவரை மைதானம். அங்கே ஒரு நெல் விளைந்ததாகவும் எழுத்து இல்லை.

இப்போது பண்ணையின் பேரன் இடத்தை ஒரு மெட்ராஸ் கம்பெனிக்கு விற்றுவிட்டான். வலங்கைமான் சாலையில் பெரிய பலகை வைத்திருந்தார்கள். சரித்திரப் புகழ் பெற்ற பந்தயத் திடலில் கடைகள், கல்யாண மண்டபம், வீட்டு மனைகள். பலகையில் பழைய சிவப்புக் கார் ஒன்று பறந்துகொண்டிருந்தது.

கும்பகோணத்தில் வக்கீல் மீரா உசேனைப் போய்ப் பார்த்தார்கள். அவர் நாகூர்க்காரர். கோவிந்தராசுவை அண்ணே என்றுதான் கூப்பிட்டார்.

“குத்தகைதாரர்னு உங்களப் பதிவு பண்ணணும்னா, சாகுபடி நடக்குதுன்னு தாசில்தார் நேர்ல பாக்கணும் அண்ணே. உங்ககிட்ட வேற ஒண்ணும் இல்ல. பயிர் நிக்கணும். அவ்வளவுதான்.”

“போட்டோ புடிச்சு வச்சுக்கலாமுங்களா?” என்று அம்சம் கேட்டாள்.

“புடிக்கலாம்மா. இது எந்த ஊரு வயலுன்னு அவங்க வக்கீல் கேப்பாரு. தாசில்தார் வந்து பாக்குற வரைக்கும் அருவா படக் கூடாது. இன்னொண்ணு, இதுக்காகத்தான் நிறுத்தி வச்சிருக்கோம்னு தெருவுல யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க. தெரிஞ்சா ராத்திரியோட ராத்திரியா அறுத்துப் போட்டுடுவாங்க.”

தாசில்தார் வருவதாக இருந்த நாளில் மந்திரி வந்துவிட்டார். தேதி தள்ளிப் போனது. மறுபடியும் தள்ளிப் போனது. கடைசியாகத் திங்கட்கிழமை என்றார்கள்.

திடல் தெருவில் இருபது முப்பது வீடுகள். எல்லாம் ஒரு காலத்தில் பண்ணைக்கு வேலை செய்தவர்களின் வீடுகள்தான். யார் வயல் எப்போது அறுபடும் என்று எல்லோருக்கும் தெரியும். பக்கத்து வீட்டு ராசம்மாள், கோவிந்தராசுவின் பெரியப்பா மருமகள், குடத்தோடு நின்று கேட்டாள்.

“என்ன கொழுந்தனாரே, கதிர நிறுத்தி வச்சுப் பொண்ணு பாக்க வரச் சொல்லியிருக்கியா?”

“ஆமா அண்ணி. மாப்ள வூடு இன்னும் முடிவு சொல்லல.”

“அதுக்குள்ள கெழவியாயிடும் போ.”

கோவிந்தராசு சிரித்தார். வீட்டுக்குள் வந்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டார். “உதுருது அம்சம்,” என்றார். “நான் அதப் பாத்துக்கிட்டு சும்மா நடந்து வர்றேன்.”

“திங்கக்கெழம வரைக்குந்தானே.”

ராசம்மாளிடம் மட்டுமாவது சொல்லிவிடலாமா என்று அம்சம் நினைத்தாள். ஆனால் ராசம்மாளின் மகன் கண்ணுசாமிக்கு வாட்ச்மேன் வேலையும், தெருவில் இன்னும் பலருக்குக் கூலி வேலையும் தருவதாகக் கம்பெனி சொல்லியிருந்தது. சொன்னது துரைராசு. பண்ணையில் ஆட்களை வேலை வாங்கி மணியம் பார்த்தவர், இப்போது அதே இடத்தில் கம்பெனிக்குப் பார்க்கிறார். அம்சம் சொல்லவில்லை.

அந்த வாரம் புதன்கிழமை மூன்று லாரிகள் கிராவல் மண் ஏற்றிக்கொண்டு வந்தன. உள்வட்டத்தில் கொட்டி மேடாக்கச் சொல்லித் துரைராசு கை காட்டினார். முதல் லாரியின் டிரைவர் நீலமேகம் சாலையிலேயே வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். வயலைப் பார்த்தார்.

“கதிருல்ல நிக்கிது.”

“கம்பெனி எடம்யா அது. உள்ள வுடு.”

“எடம் யாருதா வேணா இருக்கட்டுங்க. வெளஞ்ச கதிரு மேல டயர வுட்டுட்டு நான் எந்த மூஞ்சியோட சோத்துல கை வைக்கிறது? அறுத்துட்டுச் சொல்லி அனுப்புங்க. ஒரே நாள்ல கொட்டித் தர்றேன்.”

பின்னால் இருந்த இரண்டு பேரும் அதையே சொன்னார்கள். ஒருவன், “நீங்க வேணா ஓட்டுங்கண்ணே, சாவி தர்றேன்,” என்றான். துரைராசு சாவியை வாங்கவில்லை. லாரிகள் திரும்பிப் போயின. வரப்பில் நின்று பார்த்த அம்சத்துக்கு, கதிர் நிற்கும்வரை உள்ளே யாரும் வரமாட்டார்கள் என்று அப்போதுதான் உறுதியாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை விடியும்போது கோவிந்தராசுவுக்கு நெஞ்சு வலி வந்தது. சட்டை முழுவதும் நனைந்துவிட்டது. தெருவே கூடியது. துரைராசு தன் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். “தஞ்சாவூருக்கே போயிடுங்க, இங்கல்லாம் காட்டிக்கிட்டு நேரத்த வீணாக்காதீங்க,” என்று அவரே கால் பக்கம் பிடித்து ஏற்றினார்.

ராசம்மாள் அம்சத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். “வூட்டப் பத்தி, வயலப் பத்தி ஒண்ணும் நெனைக்காத. நாங்க பாத்துக்கறோம்.”

“அக்கா,” என்று அம்சம் தொடங்கினாள். துரைராசு வேன் கதவைப் பிடித்தபடி நின்றார். “சரிக்கா,” என்று ஏறிக்கொண்டாள்.

மறுநாள் காலை பெரியாஸ்பத்திரியில் கோவிந்தராசு இறந்துபோனார். கூட வந்த அவர் தம்பி மகன் பூத்திலிருந்து ஊர்க் கடைக்குப் போன் செய்து சொன்னான்.

உடலோடு வண்டி புறப்பட்டது. அம்சம் அழுதுகொண்டிருந்தாள். பாபநாசம் தாண்டியதும் சாலையோரத்தில் ஒரு வயலில் பெண்கள் வரிசையாகக் குனிந்து அறுத்துக்கொண்டிருப்பது ஜன்னலில் தெரிந்தது. அழுகை நின்றுவிட்டது.

திடல் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்த வீட்டார் காரியம் முடிகிற வரை அரிவாளைத் தொடக் கூடாது. அதனால் அந்த வீட்டுக் கதிர் விளைந்து நின்றால், செய்தி வந்த உடனே தெருவே இறங்கி அறுத்துக் கொண்டுவந்து வாசலில் சேர்த்துவிடும். யாரும் கூப்பிட வேண்டாம். கூலி கிடையாது. வீட்டாரைக் கேட்பதும் கிடையாது. துக்கத்தில் இருப்பவர்களிடம் வயலைப் பற்றிப் பேசக் கூடாது. அம்சமே அப்படி எத்தனையோ வீடுகளுக்கு அறுத்திருக்கிறாள்.

“எப்ப போன் பண்ணுன?” என்று தம்பி மகனிடம் கேட்டாள்.

“அப்பவே பெரிம்மா. ஏழு மணி இருக்கும்.”

அவள் முன்னால் சாய்ந்து டிரைவரிடம் சொன்னாள். “கொஞ்சம் வேகமாப் போங்க.”

“போறேம்மா. ரோடு மோசமா இருக்கு. அவரு குலுங்குவாரு.”

“பரவால்ல. போங்க.”

டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். வேகம் கூட்டவில்லை.

தெருவுக்குள் திரும்பியதும் அவள் முதலில் பார்த்தது பந்தலை அல்ல. வீட்டு வாசலில், ஆள் உயரத்துக்குக் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்த நெற்கதிரை. பெண்கள் தலைவிரிகோலமாக ஓடி வந்தார்கள். அவர்கள் முந்தானையில் நெல்லின் சுணை ஒட்டிக்கொண்டிருந்தது. கைகளில் தாள் கிழித்த கோடுகள்.

“ஒரு மணி கீழ போவாம அள்ளியாந்துட்டோம் அம்சம்,” என்று ராசம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள். “அந்த மனுசன் பாக்காமப் போயிட்டாரே.”

அம்சம் அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

அடக்கம் முடிந்து எல்லோரும் குளித்துவிட்டு வந்த பிறகு ராசம்மாள் சோறு கொண்டுவந்தாள். அப்போது சொன்னாள் அம்சம். வக்கீல் சொன்னது, தாசில்தார், திங்கட்கிழமை, எல்லாம்.

ராசம்மாள் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, “எங்ககிட்ட சொல்லியிருக்கலாம்ல,” என்றாள்.

“துரைராசு காதுக்குப் போயிடும்னு...”

“நான் போய்ச் சொல்லுவேன்னு நெனச்ச.”

“இல்லக்கா.”

“அப்பறம் யாரு சொல்லுவா? முப்பது வருசமா ஒரே கொழாயில தண்ணி புடிக்கிறோம்.” தட்டை அவள் பக்கம் தள்ளினாள். “சாப்புடு.”

ஞாயிற்றுக்கிழமை பால் தெளித்துவிட்டுத் திரும்பும்போதே லாரிச் சத்தம் கேட்டது. மூன்று இல்லை, ஏழெட்டு லாரிகள். நீலமேகம்தான் முதலில் நின்றார். வயலில் தாள் மட்டும் இருந்தது. அவர் தயங்கவில்லை. சொன்னபடி ஒரே நாளில் கொட்டினார்கள். மாலைக்குள் உள்வட்டம் சாலை மட்டத்துக்குச் சிவப்பாக உயர்ந்துவிட்டது. உருளை ஒன்று வந்து அழுத்திவிட்டுப் போனது.

திங்கட்கிழமை தாசில்தார் சொன்ன நேரத்துக்கு வந்தார். இளவயதுக்காரர். மீரா உசேன் ஸ்கூட்டரில் வந்து இறங்கி, சிவப்புத் தரையைப் பார்த்துவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றார். தம்பி மகன் ஓடி வந்து அவரிடம் நடந்ததைச் சொன்னான். தெரு ஆட்கள் சிமெண்டுச் சாலையின் ஓரமாகக் கூடினார்கள். கண்ணுசாமி கம்பெனியின் நீலத் தொப்பி போட்டுத் துரைராசுவுக்குப் பின்னால் நின்றான்.

“பயிர் எங்க?” என்றார் தாசில்தார்.

“சனிக்கிழமை அறுத்துட்டாங்க சார். துக்க வீடு. அவங்க வழக்கம் அது,” என்றார் மீரா உசேன். “கட்டு எல்லாம் அந்த வூட்டு வாசல்லதான் இருக்கு.”

“கூலிக்குப் போற எடத்துலேர்ந்து கொண்டாந்திருப்பாங்க சார்,” என்று துரைராசு மெதுவாகச் சொன்னார். “இது மைதானம். ரெக்கார்டே இருக்கு.”

மூன்றாம் நாள் சாவு வீட்டுப் பெண் வெளியே வருவதில்லை. அம்சம் மண்வெட்டியோடு வந்தாள். யாரையும் பார்க்காமல் சாலையிலிருந்து இறங்கி, ஓர் இடத்தில் நின்று வெட்டத் தொடங்கினாள். கிராவல் இறுகியிருந்தது. மண்வெட்டி துள்ளியது. வக்கீல் வாங்கப் போனார், அவள் கொடுக்கவில்லை. முழங்கால் ஆழம் போனதும் கருப்பு மண் வந்தது. அவள் உட்கார்ந்து கையால் தோண்டி, தாளோடு இரண்டு மூன்று தூர்களைப் பிடுங்கித் தாசில்தாரிடம் நீட்டினாள்.

“புல்லுங்க சார் அது,” என்றார் துரைராசு. “பள்ளம் பூரா மண்டிக் கெடந்துச்சு.”

தாசில்தார் வாங்கித் திருப்பிப் பார்த்தார். அரிவாள் பட்ட நுனியை விரலால் தொட்டார். “நெல்லு மாதிரிதான் இருக்கு. ஆனா ஒரு குழியில எடுத்தத வச்சு நான் என்ன எழுதறது?” கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “சனிக்கிழம இங்க அறுத்தவங்க யாரு? ஒருத்தர் சொன்னாப் போதும். எழுதிக்கறேன்.”

காற்று இல்லை. சிமெண்டுத் தளத்திலிருந்து வெக்கை ஏறிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் நின்ற ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். ஒருத்தி கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“ஏம்மா, உங்களுக்குத் தெரியுமா?” என்று ராசம்மாளைக் கேட்டார்.

ராசம்மாளின் பார்வை ஒரு கணம் நீலத் தொப்பிக்குப் போய் வந்தது.

அம்சம் குழிக்குள்ளிருந்து கேட்டாள். “புல்லாக்கா அது?”

ராசம்மாள் இறங்கி வந்தாள். குழியோரத்தில் குனிந்து அம்சத்தின் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கினாள். இப்போது அது எளிதாக வந்தது.

“வா அம்சம். வெறும் வயித்தோட வெயில்ல நிக்கக் கூடாது.”

“புல்லா?”

“வா. வூட்டுக்குப் போவலாம்.”

தாசில்தார் இன்னும் சற்று நேரம் காத்திருந்தார். பிறகு தூரைக் கீழே போட்டுவிட்டு, விரல்களைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு எழுதினார். மீரா உசேன் அவர் பக்கத்தில் நின்று ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். பேனா நிற்கவில்லை.

ராசம்மாள் அம்சத்தின் தோளை அணைத்து நடத்திக்கொண்டு போனாள். கூட்டம் விலகி வழிவிட்டது. பிடி வலித்தது. அம்சம் அந்தக் கையை விலக்கவில்லை. விலக்கினால் விழுந்துவிடுவாள்.