சொன்னவருக்குச் சொன்னவர்

இதில் ஒரு சொல்கூட என் கைச்சரக்கு இல்லை. ஆண்டவன் அறிய அத்தனையும் சத்தியம். எனக்குச் சொன்னவர் கோட்டாறு மைதீன்பிச்சை. அவர் அசனார் லெப்பையின் எதிரே உட்கார்ந்து, லெப்பையின் வாயாலேயே கேட்டவர்.

கொல்லம் 1106, அதாவது 1931, மழை காணாத பங்குனி. தக்கலைக்குத் தெற்கே ஒரு சிறிய பள்ளிவாசலில் நண்பகல் தொழுகை முடிந்தும் யாரும் கலையவில்லை. இருபது வருடமாகப் பாங்கு சொல்லும் சேகு மோதினாரை நீக்கவேண்டும் என்று கொப்பரை வியாபாரி மீரான்கண்ணு எழுந்து நின்றார். அந்த இடத்துக்கு அவருடைய தங்கை மகன் தயாராக இருந்தான்.

"நான் சொல்லல ஓய். பிள்ளையில்லாதவன் பாங்கு சொல்லுத ஊருல மழை பெய்யாதுண்ணு நபி சொல்லியிருக்காங்க."

மோதினாருக்குப் பிள்ளை இல்லை. அவரும் மனைவியும் குடியிருப்பது பள்ளிக்குப் பின்னால் உள்ள அறையில். வேலை போனால் அறையும் போகும்.

எல்லோரும் ஊருக்கு மார்க்கம் சொல்லும் அசனார் லெப்பையைப் பார்த்தார்கள். நபிமொழி என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் அவர் முதலில் பார்ப்பது சொன்ன ஆளைத்தான். யாரிடம் கேட்டான், இருவரும் ஒரே காலத்தில் உயிரோடிருந்தார்களா, பொய்யனா, மறதிக்காரனா. ஒரு கண்ணி விட்டால் போதும், சங்கிலியே விழும். தான் பிறப்பதற்கு நாலு வருடம் முன்பே மவுத்தானவரிடம் பாடம் கேட்டதாகச் சொன்ன ஒருவரை, "வயித்துக்குள்ள இருந்து கேட்டாலும் மூணு வருசம் பிந்திட்டீரே" என்று அனுப்பிவைத்தவர் அவர்.

"முதலாளி, நீரு யாருட்ட கேட்டீரு?"

"வடசேரி ஜவுளிக்கடை தம்பி சாயிபுட்ட."

தம்பி சாயிபு தூணோரம்தான் இருந்தார். "நான் கேட்டது உம்ம வாப்பாட்ட, லெப்பை."

லெப்பையின் கை தாடியிலேயே நின்றுவிட்டது. "எந்த வருசம்?"

"கொல்லம் ஆயிரத்தித் தொண்ணூத்திமூணு மாசி. நீரு காய்ச்சல்ல கெடந்தீராம். தனியா வந்தாரு."

வாப்பா மவுத்தானது தொண்ணூற்றிநாலில். கண்ணி விடவில்லை. கடைசி இரண்டு வருடம் சந்தைப் பழமொழிகளையும் நபிமொழி என்று வாப்பா சொல்வார். மகன் பக்கத்தில் நின்று மெல்லத் திருத்துவார். ஊருக்குத் தெரியாது. ஊரே ஓதியது அவரிடம். லெப்பை ஓதியதும் அவரிடம்தான்.

பின்வரிசையிலிருந்து சேகுவின் குரல் வந்தது. "எனக்காண்டி அந்த மனுசன ஒண்ணும் சொல்லிராதேயும் லெப்பை. எனக்குப் பாங்கு சொல்லப் படிச்சுத் தந்தவரு. நான் போறேன்."

"பொறவென்ன?" மீரான்கண்ணு சிரித்தார். "பெத்த வாப்பாவயா பொய்யனுண்ணு சொல்லப்போறாரு?"

லெப்பை எழுந்தார்.

"பொய்யன் இல்ல. புத்தி தடுமாறிப் போனவரு. கடைசி ரெண்டு வருசம் அவரு சொன்ன எதையும் எடுக்கப்படாது. மூடிவச்சது நான்தான்." குரல் இறங்கியது. "நபி சொல்லாதது அவங்க பேருல நிக்கதவிட, எங்க வாப்பா பேரு விழட்டும்."

மீரான்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

மாலை அஸர் தொழுகைக்குச் சேகுதான் பாங்கு சொன்னார். நடுவில் ஓரிடத்தில் குரல் உடைந்து, பிறகு கூடியது. லெப்பை, தொழுகைக்குக் கைகால் கழுவும் ஹவுள் படியில் தண்ணீருக்குள் கையை வைத்தவர், கழுவாமல் அப்படியே இருந்தார். வாப்பாவிடம் ஓதிய கிழவர்கள் மூன்று பேர் ஸலாம் சொல்லாமல் அவரைத் தாண்டிப் போனார்கள். அந்தச் சித்திரையிலும் மழை இல்லை.

இந்த இடம் வரும்போது மைதீன்பிச்சை அழுவார்.

அசனார் லெப்பை மவுத்தானது கொல்லம் 1109. மைதீன்பிச்சை பிறந்தது 1112.