ஐஸ் பெட்டி வில்லன்

தேவிபட்டினத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் வேல்ராஜ், ஜப்பான் காமிக்ஸைப் பார்த்துப் பார்த்தே படம் போடப் பழகியவன். வீணாய்ப்போன தாள்களின் பின்பக்கமெல்லாம் வாள் வீசும் பெண்கள்தான். கண்ணுக்கே பாதி முகம் போய்விடும். அவனுக்கு ஒரே வாசகி, மார்க்கெட்டில் மீன் விற்கும் மனைவி முருகலட்சுமி. அவள் ஒரு தடவை சிரித்துவிட்டால் போதும், இன்னும் பத்துப் பக்கம் வரைந்துவிடுவான்.

அன்று புது வில்லனைப் பார்த்ததும் அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"இவனுக்குமா கண்ணு இப்படிப் பளபளன்னு? காலையில பிடிச்ச மீன் கணக்கா இருக்கான். இவனப் பாத்து எவன் பயப்படுவான்?"

வேல்ராஜுக்குச் சுருக்கென்றது. ஒரு வாரம் நோட்டும் கையுமாக மீன் மார்க்கெட்டிலேயே கிடந்தான். புது மீனின் கண் புடைத்து மின்னியது. ஐஸ் பெட்டியில் மூன்று நாள் கிடந்த மீனின் கண்ணோ குழிவிழுந்து வெளுத்திருந்தது. அந்தக் கண்ணைத் தூக்கி வில்லனுக்கு வைத்தான்.

"ஆத்தி! சோறு திங்கையில இவனக் காட்டாதீக" என்று முருகலட்சுமி தாளைக் கவிழ்த்துப் போட்டாள்.

அந்தத் தெம்பில், இனி உள்ளதை உள்ளபடிதான் வரைவது என்று முடிவுகட்டி, மனைவியையே வரைந்தான். தினமும் விடியுமுன் எழுந்து மீன் ஏலத்துக்கு ஓடுகிறவளின் தூக்கம் போதாத கண், ஒரு கோடு பிசகாமல் அப்படியே வந்திருந்தது.

அவள் படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"இது ஐஸ் பெட்டி மீனு கண்ணால்ல இருக்கு," என்றாள். "எனக்கு மட்டும் அந்த ஜப்பான் கண்ணையே வச்சிருங்க."