முதல் பந்தி

பரமசிவத்துக்கு நெஞ்சுவலி வந்து போன நாள் முதல் பவானிபூர் மூன்றாம் மாடி வீட்டில் அவருக்கும் நெய்க்கும் பேச்சுவார்த்தை இல்லை. துறைமுக ஆபீஸில் தலைமை கிளார்க் அவர். தொந்திதான் முதலில் ஆபீஸ் போய்ச் சேரும். டாக்டர் சன்யால் சொன்ன பத்தியத்தை மனைவி நாகரத்தினம் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். ஒரே வருஷத்தில் அவருடைய கொலஸ்ட்ரால் நூற்றுத் தொண்ணூறுக்கு இறங்கியது. அப்புறம் மனிதரைக் கையில் பிடிக்க முடியுமா? காளிகாட் மார்க்கெட்டில் கத்தரிக்காய் விற்பவன்கூட அந்த எண்ணை மனப்பாடமாகச் சொல்வான்.

எழுபத்தெட்டாம் வருஷ மழைக்காலத்தில் மாடி ஏறும்போது நாகரத்தினத்துக்கு நெஞ்சைப் பிடித்தது. ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. ஆனால் அவள் அப்பா நாற்பத்தைந்து வயதில் மாரடைப்பில் போனவர். அவளுக்கு இப்போது நாற்பத்து நான்கு. பயந்துகொண்டே பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தாள். கொலஸ்ட்ரால் முந்நூற்று முப்பது என்று வந்தது. சீட்டை மாற்றிவிட்டார்கள் என்று பரமசிவம் போய்ச் சண்டை போட்டார். மறுபடி எடுத்தார்கள். முந்நூற்று முப்பத்தொன்று.

என்ன சாப்பிடுகிறாய் என்று டாக்டர் கேட்டார். தனியாக ஒன்றுமில்லை, எல்லாரும் சாப்பிட்டு மீந்ததைத்தான் என்றாள். அவர் துருவித் துருவிக் கேட்க, வண்டவாளம் வெளியே வந்தது. கணவருக்கு முட்டையின் வெள்ளைக்கரு. மஞ்சளை எறிய மனசு வருமா, அது அவளுக்கு. அவருக்கு ஆடை எடுத்த பால்; ஆடை அவளுக்கு. அவர் ஒதுக்கிய ஆட்டுக்கொழுப்பு, அப்பளம் பொரித்து மீந்த எண்ணெய், எல்லாம் கடைசிப் பந்தியில் அவள் தட்டுக்குத்தான். அடப்பாவமே, அவர் விட்டதையெல்லாம் ஒரு வருஷமாக அவள் சேர்த்து வைத்திருக்கிறாள்! பரமசிவத்துக்கு அவமானத்தில் தலை நிமிரவில்லை.

டாக்டர் மாத்திரை எழுதினார். கொழுப்பை இழுத்துப் போகும் என்று இசப்கோல் உமியைத் தினமும் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொன்னார். கடைசியாக ஒன்று சொன்னார்: இனி வீட்டில் முதல் சாப்பாடு அவளுடையது, அளந்து போட்டது, மீந்ததெல்லாம் காக்காய்க்கு. மாத்திரைகூட இறங்கிவிட்டது, இதுதான் இறங்கவில்லை. புருஷனுக்கு முன்னால் சாப்பிடுவதா என்று முதல் வாரம் அழுதுகொண்டே விழுங்கினாள். பரமசிவம் கரண்டியோடு எதிரில் நின்று பரிமாறினார்.

ஆறு மாதம் கழித்து வந்த சீட்டில் இருநூற்றுப் பத்து இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறினாள் நாகரத்தினம். பரமசிவம் இரண்டாம் மாடியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பூரித்துப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, விஷயம் கேள்விப்பட்டு, பரமசிவத்தின் தம்பி மருதமுத்துவும் அவன் மனைவி தமயந்தியும் பெஹாலாவிலிருந்து வந்தார்கள். மருதமுத்து சாப்பிடக் கை கழுவிவிட்டு வந்தான்.

"அதான் எறங்கிருச்சே அண்ணி. இனிமேலாவது பழையபடி எங்களுக்குப் பரிமாறிட்டு நீங்க சாப்பிடலாம்ல?"

நாகரத்தினம் கணவரைப் பார்த்தாள். தன் தட்டை எடுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பழையபடி சாப்பிட்டா பழையபடி ஏறும் தம்பி. எனக்குப் பசிக்குது."

பரமசிவம் கரண்டியை எடுத்து அவளுக்குச் சோறு போட்டார். மருதமுத்து ஈரக் கையோடு நின்றான். அவனைத் தாண்டி வந்த தமயந்தி ஒரு தட்டை எடுத்துக்கொண்டு நாகரத்தினத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் போடுங்க மாமா" என்றாள்.