உளிக்கு ஒரு பொட்டு

ஷாமினி ரிமோட்டுக்குக்கூடப் பொட்டு வைப்பாள். அதைத்தான் தனேஸ்வரனால் தாங்க முடியவில்லை.

ஆயுத பூசை வந்துவிட்டால் சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழுமாக அவள் வீட்டையே ஒரு வலம் வருவாள். அவன் ஓட்டும் பள்ளிக்கூட வேனுக்கு முதல் பொட்டு. அடுத்தது, கையுறைத் தொழிற்சாலைக்கு அவள் போய்வரும் மோட்டார் சைக்கிள். பிறகு கேஸ் அடுப்பு, மிக்சி, சோறு வடிக்கும் பானை, துணி துவைக்கும் இயந்திரம். போன வருடம் கையில் சந்தனம் கொஞ்சம் மிஞ்சிவிட்டது என்று தொலைக்காட்சி ரிமோட்டையும் எடுத்து அதன் நெற்றியில் ஒன்று வைத்தாள். அந்த ரிமோட் இந்த வீட்டுக்கு ஒரு வெள்ளிப் பணம் சம்பாதித்துக் கொடுத்ததுண்டா? வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அவனுடைய உளிகளும் இழைப்புளியும் கிளாம்புகளும் வரிசை கட்டி நின்றன. அந்தப் பக்கம் அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கமாட்டான். கேட்டு வாங்குவதெல்லாம் ஒரு பொட்டா என்று வீம்பு.

கமுந்திங் என்ற ஊரில் மேசை நாற்காலி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் மெருகு போடும் பிரிவில் வேலை பார்த்தவன் அவன். அந்தப் பிரிவை மூடிவிட்டார்கள். புருஷனும் பெண்டாட்டியும் ஈப்போ நகரத்துக்கு வந்து புந்தோங் பகுதியில் குடியேறினார்கள். காலையிலும் மத்தியானமும் வேன். நடுவில் கிடைக்கும் பொழுதெல்லாம் கொட்டகையில் எலெக்ட்ரிக் கிட்டார். முதலாவதாகச் செய்தது மழைக்காலத்தில் முறுக்கிக்கொண்டது. அடுத்த இரண்டையும் 'சும்மா வாசிச்சுப் பாத்துட்டுத் தாரேன் மச்சான்' என்று கூட்டாளிகள் வாங்கிப் போனார்கள், போனது போனதுதான். ஷாமினி அவள் அக்காவிடம் தொலைபேசியில் பேசியது ஒருநாள் அவன் காதில் விழுந்தது.

"அவருக்கு வேல வேன் ஓட்டுறதுதான் அக்கா. மத்த நேரம் கொட்டாயில வெளாடிக்கிட்டு இருப்பாரு லா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் 'வெளாடிக்கிட்டு' என்ற அந்த ஒரு வார்த்தை அவன் காதுக்குள் புகுந்து குடித்தனமே நடத்த ஆரம்பித்துவிட்டது.

இந்த வருடம்தான் அய்மன் வந்தான். நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் முகமது இப்ராஹிமின் மகன். பகலெல்லாம் அப்பா கடையில் கல்லா. சனி ஞாயிறு கல்யாண வீடுகளில் கிட்டார். கூட்டாளி ஒருவன் கையில் பார்த்த கிட்டாரை விசாரித்துக்கொண்டு வீடு தேடி வந்தவன், உட்காரக்கூட இல்லை.

"எனக்கு ஒன்னு செஞ்சு தாங்கண்ணே. ரப்பர் மரத்துலயே செய்ங்க."

"ரப்பர் மரமா? வேற நல்ல மரமெல்லாம் இருக்கு தம்பி."

"எங்க அத்தா கட மேசையெல்லாம் ரப்பர் மரந்தான். அத்தன பேரு வந்து கைய ஊனித் திங்கிறாங்க. ஒரு கிட்டாருக்கு ஆகாதா?" பிறகு இன்னொன்றும் சொன்னான். "பெயிண்ட் வேணாம். மரம் மரமாத் தெரியணும்."

சொந்தமாகக் காசு கொடுத்து, தனக்கென்று செய்யச் சொன்ன முதல் ஆள். ஷாமினியிடம் சொன்னபோது அவள் மீனைக் கழுவிக்கொண்டே "பரவால்லயே" என்றாள். அந்த 'பரவால்லயே'வுக்கு என்ன அர்த்தம் என்று அவன் ஒரு வாரம் யோசித்தான்.

பெயிண்ட் வேண்டாம் என்றால் எண்ணெய்தான். டங் எண்ணெய் என்று டின்னில் எழுதியிருக்கும். சீனாவில் ஒரு மரத்துக் கொட்டையை ஆட்டி எடுப்பது. மூடியைத் திறந்தால் வறுத்த கடலை வாசம். கச்சாங் பூத்தே என்று வீட்டுக்கு வீடு கடலை வறுக்கும் புந்தோங்கில் இருப்பவனுக்கு அந்த வாசத்தில் அதிசயம் இல்லை. பழைய பனியனைக் கிழித்து, எண்ணெயில் தோய்த்து, மரத்தின் ரேகை போகும் போக்கிலேயே தடவ வேண்டும். குடிக்கிற மட்டும் குடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, மீந்ததை உலர்ந்த துணியால் ஒட்டத் துடைக்க வேண்டும். துடைக்காமல் விட்டால் பிசுபிசுத்துப்போய்க் கொசு ஒட்டும். காய்ந்ததும் மெல்லிய உப்புத்தாளால் வருடிவிட்டு மறுபடியும் எண்ணெய். அவசரக்காரனுக்கு ஏற்ற வேலை அல்ல. அதிலும் மழை மாதம். ஈப்போவில் துவைத்த சட்டையே காயாதபோது எண்ணெய் எங்கே காயும்?

துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும் என்பதால், ஒவ்வொன்றையும் விரித்துக் கொடியில் போடுவான்.

"ஏங்க, என் சேலைக்கே எடத்தக் காணோம். உங்க கந்தலுக்குக் கொடி கேக்குதா?" என்பாள் ஷாமினி.

"தீப்பிடிச்சா பரவால்லயா?"

"ஆமா, ஊர்ல இல்லாத கந்தல்!"

ஆனால் அவன் துணியைத் தள்ளிவிடாமல்தான் தன் சேலையை ஓரமாகப் போடுவாள். அவன் அதைக் கவனித்தானோ இல்லையோ, நான் சொல்லிவிடுகிறேன்.

ஆயுத பூசைக்கு முந்தின மாலை, உடம்பும் கழுத்தும் சேர்த்தாகிவிட்ட கிட்டாருக்கு மறுபடியும் ஒரு முறை எண்ணெய் தடவித் துடைத்து, உத்தரத்துக் கொக்கியில் மாட்டிவிட்டுப் படுத்தான். கம்பிகளும் மின்சாரச் சாமான்களும்தான் பாக்கி. மறுநாள் பள்ளிக்கூடம் உண்டு. காலையில் வேனை எடுத்துப் போனவன், மத்தியானப் பிள்ளைகளையும் இறக்கிவிட்டு வீடு திரும்பும்போது மழை தூறிக்கொண்டிருந்தது. ஷாமினி வேலைக்குப் போயிருந்தாள். நேராகக் கொட்டகைக்குப் போய் விளக்கைப் போட்டான்.

உளியில் பொட்டு. அடுத்த உளியிலும் பொட்டு. இழைப்புளியில், ரம்பத்தில், கிளாம்புகள் ஒவ்வொன்றிலும், துளைபோடும் இயந்திரத்தில், பசைப் புட்டியில்கூட. ஒன்றையும் விடவில்லை. ஓரத்தில் ஒரு வாழைப்பழமும் அணைந்த ஊதுபத்தியும்.

தனேஸ்வரன் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டான். இத்தனை வயதில் ஒரு பசைப் புட்டியைப் பார்த்துக் கண் கலங்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டான். இது வேலைதான் என்று அவள் சொல்லிவிட்டாள். வாயால் சொல்லாவிட்டால் என்ன?

பிறகுதான் அண்ணாந்து பார்த்தான்.

கிட்டாருக்கும் வைத்திருந்தாள். உடம்பில் மூன்று, தலையில் ஒன்று. பெரிதாக, மனசு நிறைய. காயாத எண்ணெய் குங்குமத்தின் சாயத்தைக் கரைத்து உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. வெளுத்த ரப்பர் மரத்தில் ஒவ்வொரு பொட்டும் ரேகை வழியாக மேலும் கீழும் கால் முளைத்து நீண்டிருந்தது.

"அலாமாக்!" என்றான்.

பதறிப்போய்த் தின்னரில் துணியை நனைத்துத் துடைத்தான். அதுதான் தப்பு. சிவப்பு கலைந்து, தேத்தண்ணீர்க் குவளையின் வாய் அளவுக்குப் பரவியது. துணியைக் கீழே போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான். எண்ணெய் காயும்வரை இனி ஒன்றும் செய்வதற்கில்லை. காய்ந்தபின் தேய்த்தால் போய்விடும். எண்ணெய் மெருகில் அது ஒரு நல்ல குணம், கெட்ட இடத்தை மட்டும் தேய்த்துவிட்டு மறுபடி தடவிக்கொள்ளலாம். அய்மன் வருவதற்குள் முடித்துவிடலாம். மரத்தைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை.

அவளிடம் என்ன சொல்வது? நீ வைத்த பொட்டு கிட்டாரைக் கெடுத்துவிட்டது என்று சொன்னால் அவள் துடித்துப்போவாள். அதோடு, இனி ஜென்மத்துக்கும் இந்தக் கொட்டகையில் எதற்கும் பொட்டு வைக்கமாட்டாள். இத்தனை வருடம் காத்திருந்து கிடைத்தது ஒரே நாளில் போய்விடும். ஆகவே ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கும் ஆண்கள் கூட்டத்தில் அவனும் ஒருவன்தானே.

வெள்ளிக்கிழமை எண்ணெய் காய்ந்தது. உப்புத்தாளை எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். கை, முழங்கை, மடி எல்லாம் இளஞ்சிவப்புத் தூள். துணிக் கூடையோடு வந்த ஷாமினி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னங்க பண்றீங்க?"

அவன் கையை மறைத்தான். இளஞ்சிவப்பாக இருக்கும் கையை எங்கே மறைப்பது?

"நான் வச்ச பொட்டையா தேய்க்கிறீங்க?"

"இல்ல ஷாமி... அது வந்து... அய்மன் வாரான்ல. அவங்களுக்கு இதெல்லாம் ஆகாது. அதான்."

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான். சொன்ன உடனே அது எவ்வளவு அசிங்கமான பொய் என்று அவனுக்கே தெரிந்தது. பாவம், கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பையன் தலையில் கொண்டுபோய்ப் போட்டாயிற்று.

ஷாமினி கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "குங்குமத்த உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு நான் எங்கயும் பாத்ததில்ல. சரி விடுங்க. உங்க சாமானு, உங்க கொட்டா. எனக்கென்ன?"

அன்றிலிருந்து அவள் பின்பக்கம் வரவில்லை. துணியைக்கூட முன்வாசல் கம்பிக் கதவில் காயப்போட்டாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. சோறு நேரத்துக்கு வந்தது. அதுதான் அவனை வாட்டியது.

உடம்பில் இருந்த மூன்றும் போய்விட்டன. தேய்த்த இடத்தில் எண்ணெய் தடவ, மரம் மறுபடியும் ஒன்றுபோலப் பொன்னிறமாகத் திரும்பியது. தலையில் இருந்ததைத் தேய்க்க உப்புத்தாளை மடித்து எடுத்தான். பொட்டின் அருகில் கொண்டுபோனான். கை ஓடவில்லை. இரண்டு தேய்ப்பில் போய்விடும் கறைதான். தாளைக் கீழே வைத்துவிட்டான்.

கிட்டாரின் கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி ஓடும். கழுத்து வளைந்தால் அதை முறுக்கிச் சரிசெய்யலாம். கம்பியின் முனை தெரியும் குழி தலையில் இருக்கும், அதற்கு ஒரு சின்ன மூடி உண்டு. பொட்டு அந்தக் குழிக்குச் சற்று மேலேதான் இருந்தது. கருமரத் துண்டு ஒன்றை எடுத்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக மூடி செய்து, பொட்டையும் சேர்த்து மூடித் திருகிவிட்டான். பிறகு கம்பிகளையும் மின்சாரச் சாமான்களையும் பூட்டி முடித்தான்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் அய்மன் வந்தான். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டுதான் கிட்டாரை வாங்கினான். மடியில் வைத்து, உடம்பைத் தடவி, "மேல ஒன்னுமே பூசாத மாதிரி இருக்குண்ணே" என்றான். ஒலிபெருக்கிப் பெட்டியில் செருகி வாசித்தான். புந்தோங் தெருவில் போன மோட்டார்க்காரன் ஒருவன் நின்று கேட்டுவிட்டுப் போனான். தேத்தண்ணீர்த் தட்டோடு வந்த ஷாமினி கொட்டகை வாசலைத் தாண்டவில்லை.

"கழுத்து வளைஞ்சா எப்பிடிண்ணே சரிபண்றது? எனக்குச் சொல்லிக் குடுத்துருங்க. சும்மா சும்மா உங்கள வந்து தொந்தரவு பண்ண முடியாது."

"வளையாது தம்பி."

"வளைஞ்சா?"

தனேஸ்வரன் ஷாமினியைப் பார்த்தான். திருப்புளியை எடுத்தான். வேறு வழியில்லை. மூடி கழன்றது.

குழிக்கு மேலே, வெளுத்த மரத்தில், சிவப்பாக ஒரு பொட்டு.

"இது என்னண்ணே?" என்றான் அய்மன்.

ஷாமினி உள்ளே வந்து தட்டை வேலைமேசை மேல் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். "பொட்டு தம்பி. நான் வச்சது. உங்களுக்கு ஆகாதுன்னு சொல்லி எல்லாத்தையும் தேய்ச்சாரு. இத மட்டும் எதுக்கு மூடி வச்சாருன்னு தெரியல."

"எனக்கு ஆகாதா? நான் எப்பக்கா சொன்னேன்?" பையன் முழித்தான். "எங்க கட வேனுக்கு டிரைவர் அண்ணன் வருசா வருசம் பொட்டு வச்சுத்தான் எடுப்பாரு. டயருக்கு வைக்கிற எலுமிச்சம்பழத்த எங்க அத்தாதான் கடையிலேருந்து எடுத்துக்கன்னு குடுப்பாரு."

இருவரும் தனேஸ்வரனைப் பார்த்தார்கள். ஓடி ஒளியக் கொட்டகையில் இடமில்லை.

"அவன் ஒன்னும் சொல்லல ஷாமி. நாந்தான் பொய் சொன்னேன். எண்ணெய் காயாம இருந்துச்சு, சாயம் உள்ள எறங்கிருச்சு. அதத் தேய்க்காம குடுக்க முடியாது." பிறகு அய்மனிடம், "இதயும் எடுக்கணும்னா சொல்லு தம்பி, இப்பவே எடுத்துத் தாரேன்" என்றான்.

"எண்ணெய்னு அன்னைக்கே சொல்ல வேண்டியதுதானே?" என்றாள் ஷாமினி.

"சொன்னா நீ இனிமே வைக்க மாட்ட. ரிமோட்டுக்கெல்லாம் வச்ச. என் உளிக்கு இந்த வருசந்தான் வச்ச."

ஷாமினி திரும்பி மேசையைப் பார்த்தாள். உளிகளின் பிடியில் பொட்டுகள் அழியாமல் அப்படியே இருந்தன. பூசை முடிந்து இத்தனை நாள் வேலை செய்தவன், பொட்டு படாமல் பிடியின் அடியைப் பிடித்தே செதுக்கியிருக்கிறான். அவள் ஒரு உளியை எடுத்துப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

அய்மன் கழற்றிய மூடியை எடுத்து நீட்டினான். "மூடிருங்கண்ணே. அது பாட்டுக்கு இருக்கட்டும். வாசிக்கிறதுக்குத் தொந்தரவா பண்ணப்போகுது?" கிட்டாரை உறைக்குள் வைக்கும்போது கேட்டான்: "கல்யாண வீட்டுல பசங்க கேப்பாங்க, எங்க செஞ்சதுன்னு. என்ன சொல்லட்டும்?"

வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை என்று சொல்லத் தனேஸ்வரன் வாயைத் திறந்தான்.

"எங்க கடைன்னு சொல்லுங்க தம்பி," என்றாள் ஷாமினி. "புந்தோங்ல."

பலகை கிடையாது, பெயர் கிடையாது, கடையும் கிடையாது. தனேஸ்வரன் திருப்புளியைத் துடைக்கிறவன்போலத் திரும்பி நின்றுகொண்டான். அய்மன் போனபிறகும் திரும்பவில்லை. ஷாமினி குவளைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு வாசல்வரை போனவள் நின்றாள்.

"அடுத்த வருசம் எது எது ஈரமா இருக்குன்னு முன்னாடியே சொல்லிருங்க. ஒவ்வொன்னா என்னால மோந்து பாத்துக்கிட்டு இருக்க முடியாது லா."