பின்சக்கர வண்டிக்கு ஆதரவாகப் பேசியவன்

வளைவின் நடுவில் அத்தான் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார். வேறு எந்தச் சின்னக் காராக இருந்தாலும் மூக்கு பாதையை விட்டு வெளியே ஓடப் பார்த்திருக்கும். இது பின்பக்கத்தை லேசாக ஓர் அசைப்பு அசைத்துவிட்டு, போக வேண்டிய திசைக்குத் தானே திரும்பிக்கொண்டது. பக்கத்து இருக்கையில் கதவுப் பிடியைக் கெட்டியாகப் பற்றியிருந்த திட்டப் பிரிவு மேலாளன் தன்னை மறந்து சிரித்துவிட்டான். சிரித்ததற்காக அடுத்த நொடியே தன் மேல் எரிச்சலும் பட்டான். அந்தச் சிரிப்பை அத்தான் பார்த்துவிட்டார் என்பதுதான் எரிச்சலுக்குக் காரணம்.

விடுமுறை நாள். கம்பெனியின் சோதனைப் பாதையில் இவர்கள் இருவரையும் விட்டால் ஈ காக்கை கிடையாது. அத்தான் என்பவர் அவனுடைய அக்காவின் கணவர். அதே கம்பெனியில், வண்டியின் அடிச்சட்டத்தைக் கவனிக்கும் சேஸிஸ் பிரிவின் தலைமைப் பொறியாளர். முன்சக்கரம் இழுக்கும் ஒரு பழைய சின்னக் காரை அறுத்து, ஒட்டி, பின்சக்கரம் தள்ளும்படி மாற்றியிருந்தார். ஒரு கதவு சிவப்பு, இன்னொன்று சாம்பல். பார்ப்பதற்குப் பிச்சையெடுத்துச் சேர்த்த வண்டி மாதிரி இருக்கும். ஆனால் அதைப் பற்றிப் பேசும்போது அத்தானின் முகத்தில் வருகிற வெளிச்சம் அவர் கல்யாண ஆல்பத்தில்கூடக் கிடையாது. சிறியதாக, வேகமாக, பின்சக்கரத்தில் ஓடும் கார்களுக்கென்று ஒரு புதிய பிளாட்ஃபார்ம், அதாவது தரையும் தரைக்குக் கீழே உள்ள சகலமும், கம்பெனி செய்ய வேண்டும். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதற்காக வெளியிலிருந்து வந்த இரண்டு நல்ல வேலைகளை அவர் உதறியிருந்தார். அக்கா அதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்தும் போய்விட்டாள்.

முடிவெடுக்கும் கூட்டம் அந்த வாரம்தான். அந்தக் கம்பெனியின் நிறுவனருக்கு ஒரு வினோதமான பழக்கம் உண்டு. பெரிய திட்டம் எதுவானாலும் அதை வேண்டுமென்பவர் அதை எதிர்த்துப் பேச வேண்டும். வேண்டாமென்பவர் ஆதரித்துப் பேச வேண்டும். தன் பிள்ளையின் குறையைத் தானே சொல்பவன்தான் நம்பத் தகுந்தவன் என்பது அவர் கட்சி. ஒரு தரப்புக்குப் பேசுபவர் மறு தரப்புக்காக ஒரு வார்த்தை உதிர்த்தாலும் வாயை அடைத்து உட்கார வைத்துவிடுவார். இதற்கு ஊழியர்கள் வைத்த பெயர் தலைகீழ்க் கூட்டம். இந்த வண்டி விற்காது என்று முதலிலேயே எழுதிக் கொடுத்தது திட்டப் பிரிவு. ஆகவே ஆதரித்துப் பேசும் பாக்கியம் மைத்துனனுக்கு வாய்த்தது.

மைத்துனனுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு கூட்டத்தில், சாமான் வைக்க டிக்கியில் எவ்வளவு இடம் இருக்கும் என்று எழுந்து கேட்டுத் தொலைத்தான். அப்போது எல்லோரும் எஞ்சினைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். "நம்ம டிக்கிக்கு டிக்கி கவலை" என்றார் அத்தான். அறை அதிர்ந்தது. அன்றிலிருந்து காவலாளி முதல் கணக்குப் பிரிவு வரை அவன் டிக்கிதான். அத்தான் அதை வீட்டுக்கும் கொண்டுபோனார். அக்கா பிள்ளைகளுக்கு அவன் டிக்கி மாமா. அத்தானின் மனதில் துளி விஷம் கிடையாது. அவனுக்கு அந்தக் கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். விஷம் முழுவதும் இந்தப் பக்கம் சேர்ந்திருந்தது.

வண்டியை நிறுத்திவிட்டு அத்தான் தன் துருப்புச் சீட்டை எடுத்து மைத்துனன் கையில் கொடுத்தார். வேன் பிரிவுக்குப் புதிய தரை தேவைப்படப் போகிறது. சுமை ஏறினால் பாரம் பின்சக்கரத்தில்தான் இறங்கும். அதனால் அவர்களுக்கும் பின்சக்கரம் தள்ளுவதுதான் சரி. இதே தரையைச் சற்று நீட்டினால் வேனுக்குப் பொருந்தும். செலவை இரண்டு பிரிவுகளும் பங்கு போட்டுக்கொண்டால், காருக்கு எதிராகச் சொல்ல யாரிடமும் ஒன்றும் மிஞ்சாது.

"நான் இதை அங்க வாயத் திறந்து சொல்ல முடியாது, மச்சான். நீதான் சொல்லணும்."

"சொல்லிடறேன் அத்தான். எங்கிட்ட விட்டுடுங்க."

கூட்டத்தில் அத்தான் தன் வண்டியைத் தானே துவைத்துக் காயப்போட்டார். பின்னால் உட்காருபவருக்கு முழங்கால் இடிக்கும். பின்சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட் நடுவில் போவதற்காகத் தரை மேடு தட்டும். எடை கூடும், விலை கூடும். மழையில், கை பழகாதவன் ஓட்டினால் சுழன்றுவிடும். ஆசைப்படுகிறவர்கள் ஆயிரம் பேர், வாங்குகிறவர்கள் சொற்பம். ஒன்றையும் அவர் பூசி மெழுகவில்லை. நிதி அதிகாரியான அம்மாள் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். அத்தான் மட்டும் தைரியமாக உட்கார்ந்தார். சீட்டுதான் மச்சான் கையில் இருக்கிறதே.

மச்சான் எழுந்து பிரமாதமாகப் பேசினான். ஓட்டும் இன்பம் என்றான். இளைஞர்களின் கனவு என்றான். வளைவில் தான் சிரித்ததைக்கூட உருக்கமாகச் சொன்னான். காசைக் கையில் வைத்திருப்பவன் எதற்காகக் கையெழுத்துப் போடவே மாட்டானோ அதை மட்டும் பார்த்துப் பார்த்துச் சொன்னான். வேன் என்ற சொல் வரவில்லை. அத்தான் முதலில் காத்திருந்தார். பிறகு அவன் கண்ணைத் தேடினார். பிறகு மேஜை மேல் கிடந்த பேனாவை எடுத்து மூடியைத் திருகத் தொடங்கினார்.

கடைசியில் நிறுவனரே கேட்டுவிட்டார். "இந்தத் தரைய வேற எந்த வண்டிக்காவது பயன்படுத்த முடியுமா?"

அத்தானின் முகம் விரிந்தது. மைத்துனன் அந்த முகத்தை நேராகப் பார்த்தான். அவசரமே படவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் தன் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பது இதுதான் முதல் தடவை. அவனுக்கு அது இனித்தது.

"பார்த்தோம் சார். ஒண்ணும் பொருந்தல."

அத்தான் பாதி எழுந்துவிட்டார். வாய் திறந்தது. நிறுவனர் கையைத் தூக்கினார். "நீங்க எதிர்த்தரப்பு. உக்காருங்க." அத்தான் உட்கார்ந்தார். அதன் பிறகு நடந்ததெல்லாம் வெறும் சடங்கு. திட்டம் போயிற்று. சோதனை வண்டியை அந்த வாரமே, கம்பெனி விதிப்படி, இயந்திரத்தில் போட்டு நசுக்கினார்கள்.

வெளி வராந்தாவில் மைத்துனன் ஒரு வசனத்தைத் தயாராக வைத்திருந்தான். பதற்றத்தில் மறந்துவிட்டதாக ஒப்பித்தும் விட்டான். அத்தான் முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"மறந்தவன் 'பார்த்தோம்'னு சொல்ல மாட்டான்" என்றார். குரலில் கோபம் இல்லை. ஒரு கணக்கைச் சரிபார்த்து முடித்தவர் போல நடந்து போய்விட்டார். அக்காவிடமும் அவர் மூச்சு விடவில்லை. விட்டிருந்தால் அவள் போனிலேயே அவனைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பாள். மாறாக, "அவருக்காக நீ நல்லாப் பேசினியாமே" என்று கூப்பிட்டு நன்றி சொன்னாள்.

சில மாதங்களில் வேன் பிரிவு தரை கேட்டு வந்தது. ஏதாவது கையில் இருக்கிறதா என்று நிறுவனர் கேட்டபோது, அந்தப் பழைய வரைபடங்களைக் கொஞ்சம் நீட்டினால் பொருந்தக்கூடும் என்று தனக்கு இப்போதுதான் ஒரு யோசனை தோன்றுவதாக மைத்துனன் வெட்கமே இல்லாமல் சொன்னான். நிறுவனருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இப்படி ஒரு மூளையைத் திட்டப் பிரிவில் முடக்கி வைத்திருந்தோமே என்றார். வேன் திட்டத்துக்கு அவனைத் தலைவனாக்கினார். காரைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை; அது செத்தது செத்ததுதான். வேனின் தரை வேலைக்கு அத்தானை அவனுக்குக் கீழே போட்டார்கள். அந்த வேலையை அறிந்தவர் அவர் ஒருவர்தானே.

அவர் வேலையை விட்டுவிடுவார் என்று இவன் எதிர்பார்த்தான். உண்மையைச் சொன்னால், அதைத்தான் விரும்பினான். அத்தானோ முதல் நாளே நேரத்துக்கு வந்து, அவன் அறைக் கதவைத் தட்டி, உள்ளே வரலாமா என்று கேட்டார். அன்றிலிருந்து 'வாங்க, போங்க, சார்'தான். சரி, அலுவலகம் என்று இருந்தால், அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலும் அதேதான். இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க சார். அக்கா அது ஏதோ புதுக் கேலி என்று நினைத்துச் சிரித்தாள். பிள்ளைகளும் சிரித்தார்கள். இவன் தட்டைப் பார்த்துக் குனிந்தபடி சாப்பிட்டான். தனியாக ஒருமுறை, "அத்தான், பழையபடி கூப்பிடுங்களேன்" என்று கெஞ்சியே பார்த்தான். "அது மரியாதையா இருக்காதுங்க சார்" என்றார்.

முதல் வேன் ஓடிப் பார்த்த அன்று, அடியில் எங்கோ ஓர் அதிர்வு. வண்டியை லிஃப்ட்டில் ஏற்றினார்கள். அத்தான் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கீழே போய் நின்றார். பக்கத்தில் வேறு யாரும் இல்லாததால் டார்ச்சை இவனிடம் நீட்டினார்.

"கொஞ்சம் இங்க பிடிக்கிறீங்களா சார்?"

பிடித்தான். தலைக்கு மேலே, முன்னிருந்து பின்சக்கரம் வரை ஷாஃப்ட் நீளமாக, புதிதாக ஓடியது. அத்தான் ஸ்பேனரை நட்டின் அருகே கொண்டுபோய் நிறுத்தினார். டார்ச் வெளிச்சம் நட்டில் நிற்காமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடுங்கியது. இவன் இன்னொரு கையையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தான். அத்தான் திரும்பவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. தூக்கிய கையைத் தூக்கியபடியே வைத்துக்கொண்டு, வெளிச்சம் அடங்கட்டும் என்று பணிவாகக் காத்திருந்தார்.