பதினாலு ஒயர்

கடலில் விழுந்த செல்போன் என்றால் அது ஜோதிமேரியிடம்தான் வரும். இராமநாதபுரம் பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த சேதுராமனின் செல்போன் சர்வீஸ் கடையில் அவளுக்கு அதுதான் வேலை. பாம்பனிலும் மண்டபத்திலும் தொழிலுக்குப் போகிறவர்கள் சட்டைப்பையில் போனை வைத்துக்கொண்டு வலை இழுப்பார்கள். குனிந்த நேரத்தில் அது தண்ணீருக்குள் போய்விடும். எடுத்துத் துடைத்து, வெயிலில் காயவைத்து, ஒன்றும் பலிக்கவில்லை என்று ஆன பிறகுதான் கடைக்கு வருவார்கள். அதற்குள் போர்டில் பச்சை பூத்துவிடும்.

ஜோதிமேரி பல் துலக்கும் பிரஷைத் தின்னரில் நனைத்து அந்தப் பச்சையைத் தேய்த்து எடுப்பாள். கடுகைவிடச் சின்னச் சின்னப் பொருள்கள் போர்டில் வரிசையாக ஒட்டியிருக்கும். ஒன்று நகர்ந்தாலும் போன் செத்துப்போகும். இரண்டு வருஷத்தில் அவள் கையில் ஒன்றுகூட நகர்ந்ததில்லை. ஆனாலும் கழுவி முடித்த ஒவ்வொரு போர்டையும் லென்ஸ் வைத்து இரண்டு முறை பார்ப்பாள். இரண்டாவது முறை பார்த்ததில் சந்தேகம் வந்தால் மூன்றாவது முறையும் பார்ப்பாள்.

"போர்டுல பேன் பாக்குறியா?" என்பான் குருநாதன்.

குருநாதன் கடையின் மெக்கானிக். முதுகுளத்தூர் பக்கம் ஊர். ஐ.டி.ஐ. சர்ட்டிபிகேட் சட்டமிட்டு அவன் தலைக்கு மேல் தொங்கியது. தெருவைப் பார்த்த கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பெஞ்சும் டேபிள் விளக்கும் சுழல் நாற்காலியும் அவனுக்கு. ஜோதிமேரிக்குப் பின்னறையில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு முக்காலி.

அன்று காலையிலிருந்து குருநாதன் பேசவில்லை. பெஞ்சில் திறந்து கிடந்தது செல்போன் இல்லை, கையில் பிடித்து விளையாடும் கேம் செட். கீழக்கரை காதர் மைதீன் கொடுத்துவிட்டுப் போனது. அவர் துபாயில் ஓர் அரபி வீட்டில் டிரைவர். செட் அந்த வீட்டுப் பையனுடையது. நகத்தளவு சிப் ஒன்றையும் அவரே கொண்டுவந்திருந்தார். அதைப் பதினான்கு ஒயர் இழுத்து போர்டோடு சேர்த்துவிட்டால், டிஸ்க் போடாமலே மெமரி கார்டில் ஏற்றிய ஆட்டங்களெல்லாம் ஓடுமாம். 'எங்க ஊர்லயே பண்ணிருவாங்க' என்று அரபியிடம் சொல்லி வாங்கிவந்துவிட்டார். சாயங்காலம் ரயிலேறி மெட்ராஸ், அங்கிருந்து விமானம். மதியம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

மூன்று ஒயர் வைத்தாயிற்று. நான்காவதை வைக்கும்போது "அடச்சை" என்றான் குருநாதன்.

ஜோதிமேரி எட்டிப் பார்த்தாள். ஒயர் ஒட்ட வேண்டிய செம்புப் புள்ளி போர்டைவிட்டுப் பெயர்ந்து, ஈயம் உருக்கும் சால்டரிங் ஐயன் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

சேதுராமன் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். "என்னலே ஆச்சு?"

"பேட் பேந்துருச்சுண்ணே. இது செல்போன் மாதிரி இல்ல. கை நடுங்குது."

"காலையில சொல்ல வேண்டியதுதானலே? ஊரான் வீட்டுச் சாமான். அந்த மனுசன் அரபிக்கு என்ன பதில் சொல்வாரு?"

"நான் ஒரு டீ குடிச்சுட்டு வாரேண்ணே." குருநாதன் எழுந்து போய்விட்டான்.

சேதுராமன் நாற்காலியைப் பிடித்தபடி நின்றார். அடுத்த வெள்ளிக்கிழமை ராமேஸ்வரத்தில் அவருக்கு இரண்டாவது கடை திறப்பு. இந்த ஒரு செட் கெட்டால் கீழக்கரை முழுக்க அவர் பேர் கெடும். அது அவர் முகத்தில் தெரிந்தது.

"பேட் போனா என்னண்ணே, அதுக்குப் போற கோடு இருக்குல்ல" என்றாள் ஜோதிமேரி. "மேல பூச்சைச் சுரண்டிட்டு அந்தக் கோட்டுலயே ஒயர வைக்கலாம்."

"ஒனக்கு எப்புடித் தெரியும்?"

"உப்பு அரிச்ச போர்டுல நான் அப்படித்தான் வைக்கிறேன். குரு அண்ணன் சாப்பிடப் போகையில."

சேதுராமன் அவளைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "ஏத்தா ஜோதி, இத மட்டும் முடிச்சுக் குடுத்துரு. ராமேஸ்வரம் கடை பெஞ்சு ஒனக்குத்தான்."

ராமேஸ்வரம் என்றால் பாம்பனில் அவள் வீட்டிலிருந்து கால் மணி நேரம். அதைவிட, தெருவைப் பார்த்த பெஞ்சு. கழுவிய போர்டை இன்னொருவனிடம் நீட்டிவிட்டு முக்காலிக்குத் திரும்ப வேண்டாம். ஆனால், செட் தன் கையில் கெட்டுப்போனால்? அப்போது குருநாதன் கெடுத்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அவள் உடனே ஐயனைத் தொடவில்லை. பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் போர்டை வரைந்தாள். குருநாதன் பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்துவந்திருந்த ஒயரிங் படத்தைப் பக்கத்தில் வைத்து, பதினான்கு புள்ளிகளுக்கும் எண் போட்டாள். ஒவ்வொன்றையும் மீட்டர் வைத்துப் பார்த்தாள். படத்தில் பதினொன்றாம் புள்ளி இருந்த இடத்தில் இந்தப் போர்டில் ஒன்றுமே இல்லை. அது நான்கு நெல் தூரம் தள்ளி இருந்தது. இதைத் தேடிக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆயிற்று.

"வரைஞ்சது போதும்த்தா, ஆரம்பி" என்றார் சேதுராமன்.

"தப்பா வச்சுட்டு எடுக்கிறதுக்கு வைக்காமலே இருக்கலாம்ணே."

பிறகு பையிலிருந்து பழைய சேலைத்துணியைக் கிழித்து, இரண்டு கைகளின் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் சுற்றிக்கொண்டாள். பதினெட்டு வயது வரை அம்மாவோடு தீவுப்பக்கம் போய்ப் பாசி எடுத்தவள் அவள். பாசி எடுக்கும் பெண்கள் எல்லாரும் பாறை அறுக்காமல் இருக்க விரலில் துணி சுற்றித்தான் கடலில் இறங்குவார்கள். இங்கே பாறை இல்லை; ஆனால் வியர்வை ஈரத்தில் ட்வீசர் வழுக்காது.

பெயர்ந்த புள்ளியில் ஆரம்பித்தாள். பிளேடு நுனியால் பச்சைப் பூச்சைச் சுரண்டினாள். அதற்குக் கீழே செம்புக் கோடு தலைமுடி கனத்தில் மினுங்கியது. ஈயம் பிடிப்பதற்கு அதில் பேஸ்ட் தொட்டாள். தலைமுடியைவிட மெல்லிய ஒயரை ட்வீசரால் எடுத்து வைத்தாள். மூச்சை இழுத்து அடக்கினாள். தண்ணீருக்கு அடியில் போனால் ஒரு மூச்சுக்கு எவ்வளவு பாசி பிடுங்க முடியுமோ அவ்வளவுதான். அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. ஒரு மூச்சுக்கு ஒரு ஒயர். ஐயன் நுனி தொட்டது, ஈயம் ஒரு துளி பளபளவென்று பரவி அடங்கியது, கை விலகியது. அதன் பிறகுதான் மூச்சுவிட்டாள். ஒயர் ஒட்டியதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தாள்.

மீட்டர் பீப் என்றது. மறுபடி வைத்தாள். பீப்.

"ஒரு தரம் கத்துனா பத்தாதா அதுக்கு?" என்றார் சேதுராமன். அவர் குரல் தணிந்திருந்தது.

எட்டாவது ஒயர் முடிந்தபோது கரண்ட் போய்விட்டது. தினமும் இரண்டு மணிக்குப் போகிற கரண்ட், அன்று பன்னிரண்டுக்கே போனது. மின்விசிறி சுற்றி ஓய்ந்தது.

"போச்சு" என்றார் சேதுராமன். "ரெண்டு மணி நேரத்துக்கு வராது. அவரு ஒன்றரைக்கு வந்து நிப்பாரு."

ஜோதிமேரி பெஞ்சைத் தெருவாசலுக்கு இழுக்கச் சொன்னாள். வெளிச்சத்துக்கு அது போதும். ஐயன்தான் ஆறிக்கொண்டிருந்தது. அவள் பின்னறைக்குப் போய்த் தடித்த செம்புக் கம்பித் துண்டு ஒன்றை எடுத்து, ஒரு முனையைத் தட்டி ஊசியாக்கினாள். மறுமுனையில் துணி சுற்றினாள். மைப்புட்டியில் ஸ்பிரிட் ஊற்றித் திரி போட்டுப் பற்றவைத்தாள். கம்பியைத் தீயில் காட்டி எடுத்து, ஈரத்துணியில் ஒரு துடைப்புத் துடைத்து, குப்பைப் போர்டு ஒன்றில் தொட்டுப் பார்த்தாள்.

தீயிலிருந்து எடுத்து இரண்டு எண்ணுவதற்குள் வைத்தால் புள்ளி பெயர்ந்தது. ஆறு எண்ணிவிட்டு வைத்தால் ஈயம் உருகவில்லை. நான்கில் சரியாக இருந்தது. சரிதானா என்று இருபது முறை வைத்துப் பார்த்தாள். பதினேழு முறை சரியாக வந்தது. தவறிய மூன்றும் கதவுப்பக்கம் காற்று வந்தபோது. சேதுராமனை எழுந்து காற்றை மறித்து நிற்கச் சொன்னாள். முதலாளி கைலியை விரித்துப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்.

அடுத்த கடை சலூன்காரர் இருளாண்டி எட்டிப் பார்த்தார். "என்ன சேது, கோழி அடைக்கிறியா?"

"பேசாமப் போப்பா, மூச்சு பட்டாக் கெட்டுரும்."

ஒன்பது. பத்து. பதினொன்று, அந்தத் தள்ளி இருந்த புள்ளி. பன்னிரண்டாவதற்கு மீட்டர் பீப் என்றது. ஆனால் லென்ஸில் பார்க்கும்போது ஈயம் மங்கலாக, சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. ஆட்டினால் விட்டுவிடும். வைத்ததை எடுத்தாள்.

"அதான் கத்திருச்சே! ஏன்த்தா எடுக்கிற?"

"துபாய் போய் விட்டுப்போச்சுன்னா அங்கன யாருண்ணே வைப்பா?"

திரும்ப வைத்தாள். இந்த முறை ஈயம் மீன்கண் மாதிரி மினுங்கியது. குருநாதன் வைத்திருந்த மூன்றையும் லென்ஸில் பார்த்து, அதில் இரண்டை மாற்றினாள். டீ குடித்துவிட்டு வந்து தெருவில் நின்றிருந்த குருநாதன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பதினான்காவது முடிந்தபோது அவன்தான் குனிந்து முதலில் பார்த்தான்.

"ஏ புள்ள" என்றான். லென்ஸை எடுத்து இன்னொரு முறை பார்த்தான்.

ஒயர்கள் பதினான்கும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், ஒரே வளைவில், சீவிவிட்ட கூந்தல் மாதிரி சிப்பிலிருந்து போர்டுக்குப் போயின.

காதர் மைதீன் ஒன்றரைக்குச் சரியாக வந்தார். நல்ல வேளையாக செட் பேட்டரியில் ஓடுவது. மூடியைப் போடாமலே சேதுராமன் ஸ்விட்சைத் தள்ளினார். திரை கறுப்பாகவே இருந்தது. ஜோதிமேரி கணக்காகப் பத்து எண்ணினாள். பதினொன்றில் திரை வெளுத்தது. மெமரி கார்டில் இருந்த கார்ப் பந்தயம் உறுமிக்கொண்டு வந்தது.

"மாஷா அல்லாஹ்!" காதர் மைதீன் செட்டைத் திருப்பி உள்ளே பார்த்தார். "சேது, இது கையால செஞ்சதா? மெஷின்ல தச்ச மாதிரியில்ல இருக்கு. யாரு செஞ்சது?"

"நம்ம மெக்கானிக்தான் பாய்" என்றார் சேதுராமன். அவர் கண் ஜோதிமேரியைத் தொட்டுவிட்டுச் சர்ட்டிபிகேட்டுக்குப் போனது. "ஐ.டி.ஐ. படிச்ச புள்ள."

"நான் இல்ல பாய்" என்றான் குருநாதன். "ஜோதிதான் பண்ணுச்சு. நான் பண்ணுனதுல ஒண்ணு பேந்தே போச்சு."

காதர் மைதீன் சிரித்துக்கொண்டே அவன் முதுகில் தட்டினார். "பாத்தீங்களா, இந்த அடக்கம் இருக்கே! கூட நிக்கிற புள்ளைக்கும் பேரு குடுக்கிறாரு. ராமேஸ்வரத்துக் கடைக்கு ஆளு தேட வேண்டியதில்ல சேது. மூடி போடுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடு. பிளக்ஸ்ல போட்டாக் கூட்டம் அள்ளும்."

சேதுராமனுக்கு அது பிடித்துவிட்டது. பெஞ்சைப் பழைய இடத்துக்குத் தள்ளி, சர்ட்டிபிகேட்டுக்குக் கீழே குருநாதனைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்தார். குருநாதன் ஒரு முறை "அண்ணே, நெசமாவே" என்று ஆரம்பித்தான். "உக்காருலே, பாய்க்கு நேரமாகுது" என்றார் அவர். குருநாதன் உட்கார்ந்தான்.

ஜோதிமேரி விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டே பக்கத்தில் போனாள். "அண்ணே, ராமேஸ்வரம் பெஞ்சு எனக்குன்னீகளே."

"ஒனக்குத்தான்த்தா, யாரு இல்லைங்கிறா?" அவர் குரலைத் தாழ்த்தினார். "உள்ளுக்குள்ள தனியா ஒரு பெஞ்சு போட்டுத் தாரேன், ஃபேனோட. முன்னால குரு இருக்கட்டும். வெளியூர்ச் சனம் வந்து போற எடம். மெக்கானிக் எங்கன்னு கேப்பாக."

"நான்தான்னு நான் சொல்லுவேன்."

"நீ சொல்லுவ..." அவர் முடிக்காமல் சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்துக் குருநாதனிடம் கொடுத்தார். "தலைய வாருலே."

போனைத் தூக்கிப் பார்த்தார். கடை உள்ளே இருட்டாக இருந்தது. படத்தில் குருநாதன் முகமே தெரியவில்லை. இருளாண்டி தன் சலூனிலிருந்து ஆளுயரக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்தார். தெருவில் அடிக்கிற வெயிலைக் கண்ணாடியில் வாங்கி உள்ளே திருப்பினால் வெளிச்சம் கிடைக்கும். "யாராச்சும் அசையாமப் பிடிக்கணும். எனக்குக் கை ஆடும்" என்றார்.

"ஜோதி பிடிக்கும்" என்றார் சேதுராமன். "அவ கை ஆடாது."

ஜோதிமேரி தெருவில் இறங்கினாள். பாம்பன் பஸ் ஒன்று ஹாரன் அடித்து அவளை ஒதுங்கச் சொல்லிவிட்டுப் போனது. கண்ணாடி அவளைவிட உயரம். இரண்டு கைகளாலும் அணைத்துத் தூக்கி, கடைப்பக்கம் திருப்பினாள். அவளுக்கு முன்னால் இருந்தது கண்ணாடியின் முதுகு, ஆணி அடித்த பழுப்பு அட்டை.

"கொஞ்சம் இடப்பக்கம்" என்று உள்ளேயிருந்து சேதுராமன் குரல் வந்தது. "இன்னும் கொஞ்சம். ஆங், இப்ப ஒயரெல்லாம் ஜம்முன்னு தெரியுது. ஏலே குரு, கீழ பாரு. ஜோதி, அங்கனயே நில்லுத்தா, அசையாத."

உச்சி வெயில் தலையில் இறங்கியது. அட்டையில் கன்னம் உரச, அவள் அசையாமல் நின்றாள்.