சின்ன ஆபீஸ்

சுவரை இடித்தது தம்பியின் யோசனை. இடிக்க விட்டது அக்காவின் தப்பு. அன்றைக்கு முழுவதும் அக்கா தன்னைத்தானே திட்டிக்கொண்டது இப்படித்தான்.

இருவரும் வக்கீல்கள். ஒரே மாடியில் பக்கத்துப் பக்கத்து அறைகளில் தனித்தனியாகத் தொழில் நடத்தி வந்தவர்கள். அக்காவுக்குக் குடும்ப வழக்குகள். அழுகையும் ஆத்திரமுமாக வருகிறவர்களோடு நாள் முழுக்க மல்லுக்கட்ட வேண்டும். தம்பிக்குக் கம்பெனி ஒப்பந்தங்கள். அவனிடம் வருகிறவர்கள் கைகுலுக்கிவிட்டு உட்காருவார்கள். அக்காவிடமே ஜூனியராக இருந்து தொழில் கற்று, பிறகு அடுத்த அறைக்குத் தனிக்குடித்தனம் போனவன் அவன்.

"எத்தனை நாளைக்குக்கா அரைச்ச மாவையே அரைக்கிறது? ரெண்டையும் ஒண்ணாக்குவோம், ஆள் எடுப்போம், வளருவோம்" என்று ஒரு வருஷமாக நச்சரித்தான். அக்கா மசியவில்லை. கடைசியில் அவளுடைய முதுகுவலிதான் அவன் பக்கம் சாட்சி சொன்னது. கோப்புகளைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டு மாடிப்படி ஏற இன்னும் இரண்டு கை இருந்தால் தேவலை என்று தோன்றிய ஒரு சாயங்காலம், சரி என்று சொல்லிவிட்டாள்.

அவ்வளவுதான், நடுச்சுவர் போயிற்று. கட்சிக்காரர்கள் காத்திருக்க இரண்டு சின்ன இடங்கள் இருந்தது போய் ஒரே பெரிய ஹால் வந்தது. ஹாலை ஒட்டிய உள்ளறையில் தம்பி ஒரு வெள்ளைப் பலகையை மாட்டினான். புது ஜூனியர்கள், புதுப் பெயர்ப்பலகை, பெரிய கம்பெனிகள் என்று அவன் எழுதிய திட்டங்களைப் பார்த்தால் அடுத்த வருஷம் கட்டடத்தையே வாங்கிவிடுவான் போலிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே அடிக்கோடு போட்டு ஒன்று எழுதியிருந்தான்: தினமும் காலையில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து அவரவர் வழக்கைச் சொல்ல வேண்டும். ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவர் போய் நிற்க வேண்டாமா? கூட்டாகத் தொழில் செய்வதென்றால் அதுதானே?

இதில் ஒரு சங்கடம் இருந்தது. அக்காவின் பழைய ஆபீஸில் அவள் மேஜைக்கும் காத்திருக்கிறவர்களுக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்புதான். உள்ளே தும்மினால் வெளியே இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். அதனால் கட்சிக்காரர் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று ஆரம்பத்திலேயே உத்தரவு போட்டுவிட்டாள். எல்லாருக்கும் பட்டப்பெயர்தான். கோப்பின் அட்டையிலும் அதையேதான் எழுதுவார்கள். தம்பியும் அந்தப் பழக்கத்தைத் தன்னோடு எடுத்துப் போயிருந்தான்.

ஒன்றாகச் சேருவதற்கு முன்னால், ஒருவருடைய கட்சிக்காரர் இன்னொருவருடைய கட்சிக்காரருக்கு எதிராளியாக இருந்துவிடக் கூடாதே என்று, இரண்டு பக்கத்துக் கோப்புகளையும் ஒத்துப் பார்க்கச் சொன்னார்கள். குமாஸ்தா இரண்டு நாள் மெனக்கெட்டு அட்டைகளை எல்லாம் படித்தார். "ஒண்ணும் முட்டலம்மா" என்று வந்து சொன்னார். எப்படி முட்டும்? உள்ளே இருக்கும் காகிதத்தை அவர் திறக்கவே இல்லை. திறக்கக் கூடாது என்பதும் அக்காவின் உத்தரவுதான்.

முதல் காலைக் கூட்டம். அக்கா, தம்பி, குமாஸ்தா மூன்று பேர். மூத்தவள் என்ற முறையில் அக்கா ஆரம்பித்தாள்.

"முதல்ல குடையம்மா. கம்பி உடைஞ்ச குடையோட மழையில நனைஞ்சுகிட்டே வந்தாங்களே, அவங்க. புருஷன் கை நீட்டற ஆளு. ரெண்டு பொண்ணுங்களையும் கூட்டிட்டு வெளிய வந்துட்டாங்க. திங்கக்கிழமை பாதுகாப்பு கேட்டு மனு போடறோம். அதுவரைக்கும் எங்க இருக்காங்கன்னு ஒரு ஈ காக்கைக்குத் தெரியக் கூடாது. பழைய தபால் நிலையத்துக்குப் பின்னால, மருந்துக்கடை மாடியில குடியிருக்காங்க. அவசரம்னா போனை நம்பாதீங்க, அணைச்சே வச்சிருப்பாங்க. நேரா அங்கதான் போகணும். இன்னைக்குக் கையெழுத்துப் போட இங்க வர்றாங்க. புருஷன் லாரி கம்பெனி வச்சிருக்கிறவன், செல்வாக்கான ஆளு, அதனால..."

எழுதிக்கொண்டிருந்த தம்பியின் பேனா நின்றது.

"லாரியா?" என்றான். "பொண்ணுங்க இரட்டைப் பிள்ளைங்களாக்கா?"

"ஆமா. உனக்கெப்படித் தெரியும்?"

தம்பி பேனாவைக் கீழே வைத்தான். முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. குமாஸ்தா ஒருமுறை அவனையும் ஒருமுறை அவளையும் பார்த்தார்.

"என் ஹாரன்தான்க்கா அது" என்றான் கடைசியில்.

ஹாரன் என்பது பத்து நாளாகத் தம்பி தலைமேல் தூக்கிவைத்து ஆடிக்கொண்டிருந்த பெரிய புள்ளி. பேசினால் தெருமுனை வரைக்கும் கேட்கும் என்பதால் அந்தப் பெயர். அவருடைய கம்பெனி ஒப்பந்தங்கள் மொத்தமும் இனிமேல் இந்த ஆபீஸுக்குத்தான் என்று சொல்லியிருந்தார். அவரை நம்பித்தான் புது ஜூனியர்களை வரச் சொல்லியிருந்தான். அவரை நம்பித்தான் சுவரையே இடித்தான்.

"போன வாரம் பேசறப்ப, வீட்டுல ஒரு சின்னப் பிரச்சினை, பொண்டாட்டி இரட்டைப் பொண்ணுங்களையும் கூட்டிட்டு எங்கேயோ போயிட்டா, அதையும் நீங்களே பார்த்துக் குடுங்கன்னாரு. நானும் சரின்னு தலையாட்டிட்டேன்."

அக்கா கோப்பை மூடினாள். இரண்டு எதிராளிகளுக்கும் ஒரே ஆபீஸ். ஒருவருக்கும் இனி ஆஜராக முடியாது. அது தொழில் தர்மம், அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் வாயிலிருந்து போன மருந்துக்கடை மாடியை எப்படித் திரும்ப வாங்குவது? ஊர் உலகத்துக்கெல்லாம் வாயைக் கட்டியவள், அந்த ஒரு முகவரியை எதிராளியின் வக்கீலிடம் தானே தட்டில் வைத்துக் கொடுத்திருக்கிறாள்.

"அந்தாளை இந்தப் பக்கமே வரவிடாதே" என்றாள்.

தம்பி கடிகாரத்தைப் பார்த்தான். "புது ஆபீஸைப் பார்க்க வாங்கன்னு நான்தான்க்கா கூப்பிட்டேன். இப்ப கிளம்பி வந்துட்டு இருப்பாரு."

"அட்டையை மட்டும்தானேம்மா பார்க்கச் சொன்னீங்க" என்றார் குமாஸ்தா. யாரும் அவரைக் கண்டுகொள்ளவில்லை.

குடையம்மா பஸ்ஸில் வந்துகொண்டிருப்பாள். ஹாரன் காரில் வந்துகொண்டிருப்பார். முன்பென்றால் ஆளுக்கொரு கதவு இருந்தது. இப்போது ஒரே வாசல், ஒரே ஹால், புதிதாக வாங்கிப் போட்ட சோபா. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்கள் என்று நினைத்ததுமே அக்கா எழுந்துவிட்டாள்.

"நான் கீழே போய் பஸ் ஸ்டாப்லயே அவங்களை மடக்கிடறேன். ஐயா, நீங்க ஹால்ல இருக்கிற என் கோப்பெல்லாம் எடுத்து உள்ள வச்சுப் பூட்டுங்க. நீ அவரைப் பேசி அனுப்பு."

"என்னன்னு சொல்லி அனுப்பறது? உங்க வேலை வேண்டாம்னா ஏன்னு கேப்பாரு. எதிராளி இங்கதான் இருக்காங்கன்னு சொல்ல முடியாது. காரணம் சொல்ல முடியாதுன்னாலும் அந்தாளு மோப்பம் பிடிச்சுடுவாரு. வழக்கறிஞர் அக்கா ஒருத்தி இருக்கா, குடும்ப வழக்குதான் பார்க்கிறாள்னு வாசல் போர்டே சொல்லுதே!"

"எதையாவது சொல்லு. ஆனா பொய் சொல்லாதே, உனக்கு வராது."

அது உண்மை. சின்ன வயதில் ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு, யாரும் கேட்பதற்கு முன்னாலேயே "நான் இல்லை" என்று அழுதவன் அவன். மனதில் இருப்பது முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும். அதைவிட, அவனுக்கு இல்லை என்று சொல்லவே வராது. பெரிய புள்ளி ஒருவர் தோளில் கை போட்டு, "என்ன வக்கீல் தம்பி, ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்டால்? படியில் இறங்கும்போது அக்கா இதையேதான் நினைத்தாள். கூடப் பிறந்தவனைப் பற்றி இப்படி நினைக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் நினைத்தாள்.

எதிர்ச்சாரியில் பஸ் ஸ்டாப்பும் அதை ஒட்டி ஒரு ஜெராக்ஸ் கடையும் இருந்தன. முதல் பஸ்ஸில் அவள் வரவில்லை. இரண்டாவதிலும் வரவில்லை. அதற்குள் வெள்ளைக் கார் ஒன்று ஆபீஸ் வாசலில் வந்து நின்றது. இறங்கிய ஆள் டிரைவரிடம் ஏதோ சொன்னது சாலையைத் தாண்டி இங்கே கேட்டது. சந்தேகமே இல்லை, ஹாரன்தான். அவர் படியேறி மறையும் நேரத்தில் மூன்றாவது பஸ் வந்தது. குடையம்மா இறங்கினாள். மழையே இல்லை, ஆனாலும் கையில் அதே குடை.

அக்கா அவள் கையைப் பிடித்து, ஒரு வார்த்தை பேசாமல் ஜெராக்ஸ் கடைக்குள் இழுத்துப் போனாள். மெஷினுக்குப் பின்னால் இரண்டு ஸ்டூல் இருந்தன. கடைக்காரர் வக்கீலம்மாவைத் தெரிந்தவர், ஒன்றும் கேட்காமல் முன்பக்கம் போய் நின்றுகொண்டார்.

"அவர் மேல இருக்காரு" என்றாள் அக்கா. "என் தம்பிகிட்ட. அவருக்குக் கம்பெனி வக்கீல் என் தம்பிதான். இன்னைக்குக் காலைலதான் எனக்கே தெரிஞ்சுது."

குடையம்மா அழவில்லை, கத்தவில்லை. "அப்ப நீங்க எனக்கு வாதாட முடியாதா?" என்று கேட்டாள்.

"முடியாதும்மா. வேற வக்கீல் ஒருத்தங்க இருக்காங்க. அவங்களுக்கும் எனக்கும் பேச்சு வார்த்தையே இல்ல. ஆனா உங்க வழக்குக்கு அவங்களை விட்டா ஆள் இல்ல. நானே பேசறேன், இப்பவே. திங்கக்கிழமை மனு தள்ளிப்போகாது." சொல்லிவிட்டு அக்கா மூச்சை இழுத்துக்கொண்டாள். மிச்சத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். "இன்னொண்ணு. நீங்க இருக்கிற இடத்தை என் தம்பி முன்னால சொல்லிட்டேன். தெரியாம சொல்லிட்டேன். என் தப்புதான்."

குடையம்மா குடையை எடுத்து மடியில் கிடத்திக்கொண்டாள்.

"உங்க தம்பி சொல்லிடுவாரா?"

"மாட்டான்" என்றாள் அக்கா. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. அவ்வளவு வேகமாகச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவளுக்கே பட்டது.

எதிரே படியில் ஆட்கள் இறங்கினார்கள். ஹாரன் முன்னால், தம்பி பின்னால். காரின் கதவருகே நின்று ஹாரன் தம்பியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு சிரித்தார். சாலையில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற சிரிப்பு. தம்பி தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

குடையம்மா அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள். "சிரிக்கிறாரும்மா" என்றாள். "அவர் சிரிச்சா நல்லதில்ல."

கார் கிளம்பிப் போயிற்று. அது போன திசை தபால் நிலையத்தின் திசையா, வேறு திசையா? அந்தச் சாலை எல்லாத் திசைக்கும்தான் போகிறது. அக்கா போனை எடுத்து, நான்கு வருஷமாகப் பேசாத அந்த வக்கீலை அழைத்தாள். கோர்ட்டு வராந்தாவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற அந்தம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "அனுப்பி வை. பிள்ளைங்களையும் கூட்டிட்டு வரச் சொல்லு" என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை.

குடையம்மா எழுந்தாள். புதுசாகச் சேர்த்த பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளை இப்போதே அழைத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னாள்.

"நீங்க நல்லவங்கதான். உங்க தம்பியும் நல்லவராவே இருக்கட்டும்" என்றாள். "ஆனா அடுத்தவங்களுக்குத் தெரிஞ்சுபோன வீட்டுல இனிமே எனக்குத் தூக்கம் வராதும்மா. இன்னைக்கே மாறிடறோம். எங்கேன்னு உங்ககிட்டயும் சொல்லமாட்டேன்."

"சொல்லாதீங்க" என்றாள் அக்கா. வேறு என்ன சொல்ல முடியும்? பிள்ளைகள் அந்த மாடி வீட்டுக்கு இப்போதுதான் பழகியிருக்கிறார்கள் என்று குடையம்மா போன வாரம்தான் சந்தோஷமாகச் சொல்லியிருந்தாள். அதையும் சேர்த்து இடித்தாயிற்று. குடையம்மா சாலையைக் கடந்து, திரும்பிப் போகிற அடுத்த பஸ்ஸில் ஏறிப் போனாள்.

அக்கா மாடிக்கு வந்தபோது குமாஸ்தா பூட்டிய அலமாரிக்கு முன்னால் காவல்காரர் மாதிரி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தம்பி உள்ளறையில் வெள்ளைப் பலகைக்கு எதிரே நின்றான்.

"எதுக்குடா அந்தாள் அப்படிச் சிரிச்சான்?" என்றாள் அக்கா. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்னைப் பார்த்துத்தான்." தம்பி திரும்பாமலே சொன்னான். "நாங்க சின்ன ஆபீஸ் சார், உங்க வேலையைத் தாங்கற அளவுக்கு எங்ககிட்ட ஆளும் இல்ல, பக்குவமும் இல்ல, பெரிய எடமா பாத்துக்குங்கன்னு சொன்னேன். சுத்திமுத்திப் பார்த்தாரு. சோபாவைப் பார்த்தாரு, இந்தப் பலகையைப் பார்த்தாரு. இதுக்கா இவ்வளவு தடபுடல், பொழைக்கத் தெரியாத பய நீன்னாரு. படி இறங்கற வரைக்கும் சிரிச்சுட்டே வந்தாரு."

"நம்பிட்டாரா?"

"பொய்யா இருந்தாத்தானே நம்பாம போறதுக்கு?"

அக்கா உட்கார்ந்தாள். அப்போதுதான் கால்கள் வலிப்பது தெரிந்தது. பலகையில் பெரிய கம்பெனிகள் என்ற வரி அப்படியே இருந்தது. தம்பி அதை அழிக்கத் துணியை எடுத்தான், அழிக்கவில்லை.

"வீட்டுல பிரச்சினைன்னு சொன்னாரே, அதைப் பத்தி ஏதாவது கேட்டாரா?"

"கேட்டாரு. எங்கேயாவது தகவல் கிடைச்சுதான்னு கேட்டாரு. அது குடும்ப வழக்கு சார், நான் தொடறதில்ல, அதையும் வேற எடத்துல பாருங்கன்னேன். அதோட விட்டுட்டாரு." தம்பி துணியைக் கையில் வைத்து முறுக்கிக்கொண்டிருந்தான். பிறகு அவள் பக்கம் திரும்பினான். "நான் சொல்லிடுவேன்னு பயந்தியாக்கா?"

இல்லை என்று சொல்லலாம். குடையம்மாவிடம் சொன்ன மாதிரி வேகமாகச் சொல்லிவிடலாம்.

"பயந்தேன்" என்றாள் அக்கா.

தம்பி தலையை ஆட்டினான். கோபப்படுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவனோ அவளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"எனக்கும் அதே பயம்தான்க்கா" என்றான். "அவர் கேட்டப்ப, மருந்துக்கடைங்கிற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு."